பூட்டின பார்க்குக்குள்ள பெஞ்ச மழை

இலந்தையூர் பார்க்கை இதுவரைக்கும் நாலு தடவ திறந்துவச்சிருக்காங்க, நாலு தடவையும் நாலு பேரு வச்சாங்க, நாலு கல்வெட்டும் வாசல்ல முழங்கையால ஒண்ணையொண்ணு இடிச்சுக்கிட்டு வரிசையில நிக்கிற ஆளுங்க மாதிரி நிக்குது, ஆனா ஊர்ல ஒருத்தர்கூட அந்த நாலு பேர்ல ஒண்ணைச் சொல்லி அதைக் கூப்பிட்டதில்ல, எல்லாருக்கும் அது பார்க்கு, அவ்வளவுதான். அதுக்கு முந்தி அது குப்பைமேடு, அதுக்கும் முந்தி ஊருணி, அதுக்கும் முந்தி என்னன்னு கேட்டா ஆளுக்கொரு கதை சொல்லுவாங்க, எல்லாக் கதையிலயும் சொல்றவங்க தாத்தாதான் அந்த எடத்தை ஊருக்குத் தானமாக் கொடுத்திருப்பாரு. ரெண்டு ஏக்கரு. உள்ள ஒரு சிமிட்டி யானை, முதுகுல ஏறித் தும்பிக்கை வழியாச் சறுக்கி எறங்கலாம். மான் இல்லாத ஒரு மான்கூண்டு, பின்சுவத்துல வரஞ்ச மூணு மானு மட்டும் மேஞ்சுக்கிட்டு நிக்கும். ஒரு மீன்தொட்டி, அதுல கடைசியா மீன் கெடந்தது எந்த வருசம்னு டீக்கடையில இன்னமும் சண்டை வரும். எட்டுப் போட்ட மாதிரி ஒரு நடைபாதை. நட்டநடுவுல எட்டு மூலையோட ஒரு ரேடியோ ரூமு, அதோட உச்சியில நாலு தெசைக்கு நாலு ஸ்பீக்கர் கொழா.

அந்த ரேடியோவாலதான் எல்லாமே. ரேடியோ பாடுன காலத்துல காலைல அஞ்சு மணிக்கு நாதஸ்வரத்தோட ஆரம்பிச்சு ஒம்பது மணிக்கு நிறுத்துவாங்க, மறுபடி சாயங்காலம் நாலுக்கு ஆரம்பிச்சு எட்டுக்கு நிறுத்துவாங்க, அதனால பார்க்கையும் அதே நேரத்துக்குத் திறந்து அதே நேரத்துக்குப் பூட்டுனாங்க, ரேடியோ பாடாத நேரத்துல பார்க்குல மனுசனுக்கு என்ன சோலிங்கறது அன்னைக்கு நியாயமாத்தான் பட்டுச்சு. அப்புறம் ரேடியோ ரிப்பேராச்சு, ரிப்பேருக்குப் போன ரேடியோ திரும்பி வரல, கொழாய்க்குள்ள மைனா குடும்பம் நடத்துச்சு, முப்பது வருசம் ஓடிப்போச்சு, நேரம் மட்டும் மாறல. ஒம்பதுல இருந்து நாலு. வெயிலு மண்டையப் பொளக்குற நேரம், கையகல நெழலு கெடைக்காதான்னு சனம் அலையிற நேரம், அந்த ஏழு மணி நேரமும் ஊர்ல இருந்த ஒரே நெழலு பூட்டிக் கெடந்துச்சு.

பூட்டுறது பேச்சிக்கனி. நகராட்சியில தினக்கூலி, பதினோரு வருசம், காக்கிச் சட்டையச் சேலைக்கு மேல போட்டுக்கிட்டு, கழுத்துல விசிலு, இடுப்புல சாவி. தீப்பெட்டி ஆபீஸ் பொம்பளைங்க தூக்குவாளியோட வந்து கேட்டைப் புடிச்சுக்கிட்டு, "யக்கா, சோத்தைத் தின்னுட்டு ஓடிர்றோம்க்கா, பத்தே நிமிசம்"னு கெஞ்சும்போது, "எனக்கென்னடி, நான் தொறந்துருவேன், எவனாவது போட்டோ புடிச்சு அனுப்பிட்டா என் பொழப்புல்ல போகும்"னு சொல்லிட்டு அவ மூஞ்சியத் திருப்பிக்குவா. மத்தியானமும் திறக்கணும்னு மூணு தடவ மனு எழுதிக் கொடுத்தா. மூணு தடவையும் பரிசீலனையில் உள்ளதுன்னு பதில் வந்துச்சு, மூணாவது பதில்ல அவ பேரைப் பேச்சிமுத்துன்னு போட்டிருந்தாங்க. பூட்டுறதுதான் வேலைன்னாலும் அவளுக்குப் புடிச்சது திறக்குறது. நாலு மணிக்குச் சாவியப் போட்டுக் கேட்டைத் தள்ளுவா பாருங்க, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைங்க அவ கக்கத்துக்குக் கீழ நுழைஞ்சு பாயும், அந்த நிமிசத்துக்காகத்தான் மிச்ச நேரத்தையெல்லாம் அவ பொறுத்துக்கிட்டா.

கத்திரி வெயில் ஆரம்பிச்ச மறுநாள், ஒம்பது மணிக்குப் பூட்டைப் பூட்டி ஒருதடவ இழுத்துப் பாத்துட்டு அவ திரும்புறா, முதுகுக்குப் பின்னாடி சடசடன்னு சத்தம். திரும்பிப் பாத்தா உள்ள மழை. நல்ல மழை, யானை மேல விழுந்து தும்பிக்கை வழியா ஒழுகுற மழை. காம்பவுண்டு சுவத்துக்கு அந்தப் பக்கம் ஊத்துது, இந்தப் பக்கம் ரோட்டுல தாரு உருகுது. வாசல்ல நன்னாரி சர்பத் வண்டி போட்டிருக்குற மிக்கேல்கிட்ட சொன்னா.

"அண்ணாச்சி, உள்ள மழை பெய்யுது."

மிக்கேலு எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சுக்கிட்டே கழுத்த மட்டும் நீட்டிப் பாத்தாரு. "ஆமா. கேட்டைப் பூட்டிட்டியா?"

"பூட்டிட்டேன்."

"பெறகென்ன, பேஞ்சுட்டுப் போகுது. நீ இந்தா, சர்பத்தக் குடி."

நாலு மணிக்குப் பூட்டுல சாவி பட்ட நொடி மழை நின்னுச்சு. அன்னைக்குப் பிள்ளைங்க உள்ள பாஞ்ச பாய்ச்சல் இருக்கே, செருப்பையெல்லாம் வாசல்லயே ஒதறிட்டு, தண்ணி தேங்கின புல்லுல தொபுக்கடீர்னு விழுந்து, சேத்துக் கையோட ஒருத்தன் முதுகுல ஒருத்தன் அடிச்சு, யானைத் தும்பிக்கையில வழுக்கிட்டு வந்து நேரா குட்டைக்குள்ள விழுந்து, மண்ணுல இருந்து கெளம்புன வாசத்துல பெரியவங்களே கிறுகிறுத்துப் போயி நடைபாதையில நடக்க மறந்து நின்னாங்க. பேச்சிக்கனி கேட்டைப் புடிச்சுக்கிட்டே சிரிச்சா. புல்வெளியில் நடக்காதீர்னு போர்டு இருக்கு, விசிலு அவ கழுத்துலதான் இருக்கு, ஊதல.

மறுநாளும் ஒம்பதுல இருந்து நாலு, ராத்திரி பூட்டுனப்புறமும் அப்படியே. அதுக்கு மறுநாளும். நாலாம் நாளு அவ ஒரு வேலை பண்ணினா. பூட்டை வெளிய மிக்கேலைப் பூட்டச் சொல்லிட்டு உள்ளயே நின்னுக்கிட்டா. வேர்க்குருவு பொரிஞ்ச கழுத்தோட மூஞ்சிய வானத்தப் பாத்துத் தூக்கி நின்னா, ஒம்பதரை ஆச்சு, பத்தாச்சு, ஒரு சொட்டு இல்ல. வெளிய வேடிக்கை பாக்கக் கூட்டம் சேந்துருச்சு. "ஏ பேச்சி, வெளிய வாட்டி, நீ நிக்கிறதாலதான் பெய்யல!" அவ வெளிய வந்து பூட்டுனா, ஊத்துச்சு. அப்பதான் ஊருக்கு வெளங்குச்சு: ஆள் உள்ள இருந்தா பெய்யாது. நாயி இருக்கலாம், ஆடு இருக்கலாம், மைனா இருக்கலாம், மனுசன் ஆகாது. கம்பிக்குள்ள கைய விட்டாக்கூட, அந்தக் கையிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் மழை பெய்யும், அடுத்த கையை நீட்டுனா இன்னொரு முழம் தள்ளும். மெட்ராஸ்ல இருந்து வானிலைக்காரங்க ரெண்டு பேரு வந்து, உள்ள போயி மழைமானியை நட்டு, பக்கத்துலயே குடை புடிச்சு நாள் பூராக் காத்திருந்து, மழை பதிவாகவில்லைன்னு எழுதிக்கிட்டுப் போனாங்க. அவங்க ஜீப்பு தெருமுக்கு திரும்புறதுக்குள்ள ஊத்த ஆரம்பிச்சிருச்சு.

ஏன் பெய்யுதுன்னு ஊரு ரெண்டு நாளு பேசுச்சு, மூணாம் நாளு எப்படிப் புடிக்கிறதுன்னு பேச ஆரம்பிச்சிருச்சு. குழாய்ல பத்து நாளைக்கு ஒருதடவ தண்ணி வர்ற ஊரு அது, வர்ற தண்ணியிலயும் பாதி காத்து. காலைல எட்டரை மணிக்கே கொடத்தோட சனம் வரிசையில நின்னுச்சு, புல்லு மேல, பாதை மேல, பெஞ்சு மேல, மான்கூண்டுக்குள்ளன்னு கண்ட எடமெல்லாம் கொடம், அண்டா, சருவச்சட்டி, பெயிண்டு டப்பா, கொழந்தையக் குளிப்பாட்டுற டப்பு, எல்லாத்துலயும் பேரு எழுதி, தெரு எழுதி, எவ்வளவு எழுதினாலும் சண்டை வந்து. யானை முதுகுல வச்ச கொடம் சீக்கிரம் ரொம்புதுன்னு ஒரு பேச்சு கெளம்பி அதுக்குத் தனியாக் குலுக்கல் போட்டாங்க. நாலு மணிக்குத் திறந்ததும் முதல்ல கொடம் வெளிய வரும், அப்புறம்தான் பிள்ளைங்க உள்ள போகும். கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறவங்க பார்க்குத் தண்ணியில பொண்ணைக் குளிப்பாட்டணும்னாங்க. மத்தியானம் கேட்டுக்கு வெளிய பாய விரிச்சு, குடைய விரிச்சு, மழையப் பாத்துக்கிட்டே கட்டுச்சோறு தின்னாங்க. வெயில்ல உக்காந்து மழையப் பாத்தா மழையில உக்காந்த மாதிரியே இருக்குன்னு சத்தியம் பண்ணினாங்க. மிக்கேல் வண்டியில அடைமழை சர்பத்னு புது போர்டு ஏறுச்சு.

கேட்டைத் தொறக்கச் சொல்லிக் கெஞ்சுன சனம் இப்ப பூட்டச் சொல்லிக் கெஞ்சுச்சு. கெஞ்சுச்சா? வெரட்டுச்சு. ஒருநாள் சாவி திரும்பாம அவ மூணு நிமிசம் லேட்டாக்குனா, அதுக்குக் கவுன்சிலர் பாக்கியராணி ஸ்கூட்டியில வந்து எறங்கினாங்க.

"மூணு நிமிசம், பேச்சி. மூணு நிமிசத்துல எங்க வார்டுக்கு எத்தன கொடம் போச்சு தெரியுமா?"

"மதினி, சாவி துருப்புடிச்சிருக்கு. எண்ணெய் கேட்டு எழுதிக் கொடுத்து எட்டு மாசமாச்சு."

"சாவியச் சொல்லாத. நீ அந்த நடக்குற பெருசுகளுக்கு எடம் கொடுத்துத்தான் லேட்டாக்குற."

பெருசுகள்னா நடைப்பயிற்சி சங்கம், தலைவரு தில்லைநாயகம், ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர், எழுபத்திரெண்டு வயசு, எட்டுப் பாதையில காலைல இருவது சுத்து, ஒரு சுத்துக் கொறஞ்சாலும் அன்னைக்குக் காப்பி எறங்காது. கொடத்துக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு நடந்தவரை இப்ப சனம் எட்டே முக்காலுக்கே வெளிய தள்ள ஆரம்பிச்சுச்சு. "சார், ஒங்க சுகருக்காக ஊரே காயணுமா?"ன்னு ஒரு பொம்பள கேட்டப்ப அவரு வாசல்ல நின்னு செருப்புல இருந்த சேத்த வழிச்சாரு.

அப்புறம் கவுன்சில்ல தீர்மானம் போட்டாங்க. காலைல அஞ்சுல இருந்து எட்டு. ஒருமணி நேரம் முன்னாடி பூட்டுனா ஒருமணி நேரம் கூடப் பெஞ்சுச்சு, கணக்கு சரியா இருந்துச்சு, அதுதான் வினை. அடுத்த மாசம் அஞ்சுல இருந்து ஏழு. அதுக்கடுத்து காலைலயே திறக்கத் தேவையில்லைன்னாங்க. சாயங்காலம் நாலுங்கறது அஞ்சாச்சு. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் பேச்சிக்கனி கூலி தேஞ்சுச்சு, அது ஒண்ணு. ஆனா அவ ராத்திரி சோறு எறங்காம உக்காந்தது அந்தக் கேட்டை நெனச்சு, ஒருநாள் இந்தக் கேட்டைத் திறக்கவே வேண்டாம்னு சொல்லிருவாங்களோங்கற நெனப்புல. யார்கிட்டச் சொல்றது? அவ வீட்டுலயும் பார்க்குத் தண்ணிதான் ரொம்பியிருக்கு. அவ நாத்தனாரே கேட்டா, "பிள்ளைங்க சறுக்கி வெளையாடணுமா, வீட்டுக்கு நாலு கொடம் தண்ணி வரணுமா, நீயே சொல்லு பாப்போம்." அந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் இருந்துச்சு, அவ கொடத்த எடுத்துக்கிட்டு அடுப்படிக்குப் போனா.

கடைசியா ஆடிமாசம் பெரிய யோசனை வந்துச்சு. கொடமே வேண்டாம். சுவத்த ஒட்டிக் கால்வாய் வெட்டி, சுவத்துல ஓட்டை போட்டு, வெளிய ஒரு தொட்டி கட்டி, அங்கிருந்து வார்டு வார்டா குழாய் இழுத்துட்டா யாரும் உள்ள போகவே வேண்டாம், இருவத்திநாலு மணி நேரமும் மழை. ஒரே மாசத்துல கட்டி முடிச்சாங்க, இந்த ஊர்ல எதையாவது ஒரே மாசத்துல கட்டுனாங்கன்னா அது இது மட்டும்தான். அஞ்சாவது கல்வெட்டு வச்சாங்க. அதுல பூட்டிவைத்தவர்னு போட்டுச் சேர்மன் பேரு.

பேச்சிக்கனிக்கு இனிமே வேலை இல்லைன்னு ஒரு காயிதம் வந்துச்சு. அதை எடுத்துக்கிட்டுக் கமிஷனர் ஆபீசுக்குப் போனா. தபால் செக்சன்ல மனுவா எழுதிக் கொடுன்னாங்க, எழுதினா, முத்திரை இல்லைன்னாங்க, வாங்கி ஒட்டுனா, இன்னைக்குச் சாரு மீட்டிங்குன்னாங்க, மறுநாள் வந்தா, மறுநாளும் மீட்டிங்கு, நாலாம் நாளு கமிஷனரையே கார்ல ஏறும்போது புடிச்சா. சின்ன வயசுக்காரரு, நல்லவரு, அதான் கொடுமை, கார்க் கதவத் திறந்து வச்சுக்கிட்டே நின்னு பேசினாரு.

"பதினோரு வருசமா நான்தான் சார் பூட்டித் தொறக்குறேன்."

"தெரியும்மா. ஆனா இப்ப பூட்டியாச்சே."

"தொறக்குறதுக்கு ஆள் வேணும்ல சார்?"

"தொறக்கப்போறதில்லையேம்மா."

"யாராச்சும் வந்து கேட்டா?"

"இல்லைன்னு போர்டுல போட்டிருக்கு." கொஞ்சம் யோசிச்சுட்டு, "ஒங்களுக்குத் தண்ணி ஒழுங்கா வருதா?"

வருது சார்னா. வேற என்ன சொல்ல? கார் போயிருச்சு.

வேலை போனபெறகும் கழுத்துல விசிலு இல்லாம அவ நாலு மணிக்கு வாசலுக்கு வருவா. மிக்கேல் வண்டிக்குப் பக்கத்துல கவுத்த வாளி மேல உக்காந்து சுவத்துக்கு அந்தப் பக்கம் பெய்ற சத்தத்தக் கேட்டுக்கிட்டு இருப்பா. கேட்டுல தகரம் அடிச்சு மறைச்சுட்டாங்க, பாத்தா யாருக்காவது உள்ள போகணும்னு தோணிருமாம். வீட்டுக்கு வீடு குழாய்ல தண்ணி வந்ததும் மழையப் பத்தி ஒருத்தரும் பேசறதில்ல, கட்டுச்சோத்துக் கூட்டம் கலஞ்சுபோச்சு. பிள்ளைங்க ரோட்டுல வெளையாடுச்சுங்க, ஷேர் ஆட்டோ இடிச்சு ஒருத்தன் கைய ஒடிச்சுக்கிட்டான், கைக்கட்டோட வந்து தகரத்த எட்டி ஒதைச்சான், வாட்ச்மேன் இல்லாததால யாரும் வையல. தில்லைநாயகமும் சங்கத்துக்காரங்களும் காம்பவுண்டு சுவத்தச் சுத்தி வெளிய ரோட்டுலயே நடந்தாங்க, லாரி ஆரன் அடிக்கும்போதெல்லாம் வரிசையா சுவத்துல ஒட்டிக்கிட்டு. ஒருநாள் அவரு மூச்சு வாங்கிக்கிட்டு அவ பக்கத்துல நின்னாரு.

"பேச்சி, ரேடியோ ரூமு பக்கத்துல ஒரு பன்னீர்ப்பூ மரம் இருந்துச்சே, அதோட வாசம் இப்ப வருதா, இல்ல என் மூக்குதான் ஏமாத்துதா?"

"எனக்குச் சளி சார்"னா. சளி இல்ல, அழுகை.

ஐப்பசியில, ஊரெல்லாம் ஊருக்குரிய மழை கொஞ்சம் தூறிட்டு நின்னுபோன மாசத்துல, ஒருநாள் காலைல பார்க்குக்குள்ள மழை நின்னுருச்சு. தொட்டி எறங்க எறங்க ஊருக்கு மூச்சு முட்டுச்சு. ஒருநாள் ஆச்சு, மூணு நாள் ஆச்சு. ஏன் நின்னுச்சுங்கறதுல யாருக்கும் சந்தேகமே வரல. உள்ள எவனோ இருக்கான். மேலத்தெருவுக்குத் தண்ணி கூடப் போகுதுங்கற வயித்தெரிச்சல்ல கீழத்தெருக்காரன் எவனோ உள்ள எறங்கிட்டான்னு மேலத்தெரு சொல்லுச்சு. கீழத்தெரு அப்படியே மாத்திச் சொல்லுச்சு. தண்ணி லாரிக்காரன் வேலைன்னாங்க. தில்லைநாயகம் வீட்டுக்கு முன்னாடி போயி, சாரு வீட்டுலதான் இருக்காரான்னு எட்டிப் பாத்தாங்க, அவரு பனியனோட வந்து நின்னு காட்டுனாரு. போலீஸு தகரத்துக்கு மேல தலைய நீட்டிப் பாத்துட்டு, காடா கெடக்கு, எங்களுக்குத் தடம் தெரியாதுன்னுட்டாங்க. ஆளாளுக்கு உள்ள போயித் தேடுனா தேடப் போனவனே உள்ள இருக்குற ஆளாயிருவானேன்னு ஒரு பயம் வேற. ஒருத்தர்தான் போகணும், மூலைமுடுக்கு தெரிஞ்ச ஆளா இருக்கணும், சட்டுன்னு பாத்துட்டு சட்டுன்னு வரணும். பாக்கியராணி ஸ்கூட்டியில வந்து பேச்சிக்கனி வீட்டு வாசல்ல நின்னாங்க.

"பேச்சி, பழசெல்லாம் மனசுல வச்சுக்காத. நீ ஒருதடவ உள்ள போயிப் பாத்துட்டு வந்துரு. ஒனக்குத்தான் தெரியும்."

பார்க்கு வாசல்ல ஊரே நின்னுச்சு. கமிஷனரு கையால சாவியக் கொடுத்தாரு. தகரத்தப் பிரிச்சு, கேட்டைத் தள்ளி, அவ நொழைஞ்சதும் பின்னாடி சாத்திக்கிட்டாங்க.

உள்ள இடுப்பளவு புல்லு. காலு வச்ச எடமெல்லாம் தவளை தவ்வுச்சு. யானைக்குப் பச்சைப் பாசி சட்டை மாதிரி ஏறியிருந்துச்சு, மான்கூண்டுக் கம்பியில கோவைக்கொடி பின்னி, பின்சுவத்து மானுங்க மேல நெசப் பூவே பூத்துத் தொங்குச்சு, மீன்தொட்டியில எங்கிருந்து வந்துச்சோ விரலளவு கெண்டைக்குஞ்சு கூட்டமா ஓடுச்சு, எட்டுப் பாதை புல்லுக்கு அடியில எங்கயோ பொதஞ்சு கெடந்துச்சு, ஆனாலும் அவ காலு அதைக் கண்டுபிடிச்சு வளைய வேண்டிய எடத்துல தானா வளைஞ்சுச்சு. அவ தேடினா. ஏமாத்தாமத்தான் தேடினா. ரேடியோ ரூமுக்குள்ள, யானை வயித்துக்கு அடியில, கக்கூஸுக்குப் பின்னாடி, மரத்து மேல, பெஞ்சுக்குக் கீழ. கொரலு கொடுத்தா: "யாருப்பா உள்ள? ஒண்ணும் சொல்லமாட்டோம், வந்துரு." மைனா மட்டும் பதில் சொல்லுச்சு. காலடித் தடம் இல்ல, பீடித் துண்டு இல்ல, மிதிபட்ட புல்லு ஒண்ணு இல்ல. ஒரு ஆள் இல்ல. மூணு மாசமா ஒரே ஒரு மனுச மூச்சுக்கூட அதுக்குள்ள விழல.

ஓரத்துல பிள்ளைங்க ஆடுற ஊஞ்சலைத் தொட்டா, சங்கிலி துருவுல இறுகிப் போயிருந்துச்சு. பலமா ஒரு தள்ளு தள்ளினா, கிரீச்சுன்னு ஒரு சாணு அசைஞ்சு நின்னுச்சு. அவளுக்கு அப்ப வந்துச்சு பாருங்க கோவம், மழை மேலயா, கமிஷனர் மேலயா, நல்ல தண்ணியக் குடிச்சுட்டுத் தெம்பா வாசல்ல நிக்கிற அம்புட்டு சனத்து மேலயா, தண்ணி வருதுன்னு ஒத்துக்கிட்ட தன் வாய் மேலயா, என்னன்னு பிரிக்க முடியாத கோவம். இங்க யாருமே இல்லைய்யான்னு போய்ச் சொன்னா என்ன பண்ணுவாங்கன்னு அவளுக்குத் தெரியும். மழை தீர்ந்துருச்சுன்னு முடிவு கட்டி, எடத்துக்குப் புதுசா எவனாவது ஒரு யோசனை சொல்லுவான், காம்ப்ளக்ஸ்னுவான், பஸ் ஸ்டாண்டுன்னுவான், ஒரே மாசத்துல கட்டுவான். மூஞ்சிய முந்தானையால தொடச்சுக்கிட்டு வாசலுக்கு நடந்தா.

கம்பிக்கு அந்தப் பக்கம் பாக்கியராணி, மிக்கேலு, கமிஷனரு, அவங்களுக்குப் பின்னாடி தலைதலையா ஊரு.

"என்ன பேச்சி? ஆள் இருக்கா?"

"இருக்கு"ன்னா பேச்சிக்கனி.

கூட்டம் ஓன்னு சத்தம் போட்டுச்சு. "யாரு? எந்தத் தெரு?"

"மொகம் தெரியல. புல்லு அசையுது, போயிப் பாத்தா இல்ல. இந்தப் பக்கம் வந்தா அந்தப் பக்கம் ஓடுது. ஒருத்தியா என்னால ஆகாது. எல்லாரும் வந்தாத்தான் சுத்தி வளைக்கலாம். பிள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க, புதருக்குள்ள நுழைய அதுகதான் தோது."

கமிஷனரு தலையச் சொறிஞ்சாரு. "அத்தன பேரும் உள்ள போனா..."

"இப்ப மட்டும் பெய்யுதாக்கும்?"னு கேட்டா. மிக்கேலு வேற பக்கம் திரும்பிக்கிட்டு இருமினாரு.

ஊரே உள்ள எறங்குச்சு. முதல் அரைமணி நேரம் நெசமாவே தேடினாங்க, கம்ப வச்சுப் புல்லத் தட்டி, தெருவாரியாப் பிரிஞ்சு. அப்புறம் ஒருத்தி மீன்குஞ்சைப் பாத்து உக்காந்தா, அவளப் பாத்து நாலு பேரு. தீப்பெட்டி ஆபீஸ் பொம்பளைங்க பன்னீர்ப்பூ மரத்துக்கு அடியில காலை நீட்டினாங்க, தில்லைநாயகம் காலால தடவித் தடவிப் பாதையக் கண்டுபிடிச்சு முதல் சுத்த ஆரம்பிச்சாரு, பின்னாடியே சங்கம் புல்லை மிதிச்சுக்கிட்டுப் போனாங்க. பிள்ளைங்க யானை மேல ஏறிப் பாசியில வழுக்குன வழுக்கல்ல ஒருத்தன் மீன்தொட்டியிலயே போயி விழுந்தான். பாக்கியராணி செருப்பக் கையில எடுத்துக்கிட்டு, யாரும் பாக்கலைன்னு நெனச்சு, ஈரப் புல்லுல நின்னு கால் வெரலை விரிச்சு விரிச்சு மடக்கினாங்க. பொழுது சாஞ்சதும் பேச்சிக்கனி ரெண்டு வெரலை வாயில வச்சு ஒரு சீட்டி அடிச்சா, எல்லாரும் வெளிய வந்தாங்க, அவ பூட்டினா, பூட்டை இழுத்துப் பாக்குறதுக்குள்ள சடசடன்னு ஊத்துச்சு.

தேடினாத்தான் பெய்யுதுன்னு ஊரு முடிவு பண்ணிருச்சு. கவுன்சில்ல தீர்மானம் ஆச்சு: தினமும் சாயங்காலம் பொதுமக்கள் தேடுதல், நாலுல இருந்து எட்டு. பேச்சிக்கனியத் திரும்ப எடுத்தாங்க, வாட்ச்மேன் வேலையை ஒழிச்சாச்சுங்கறதால தேடுதல் உதவியாளர்னு பேரு போட்டாங்க, அதே தினக்கூலி, காக்கிச் சட்டை இல்ல, விசிலுக்கு எழுதிக் கொடுத்திருக்கா, பரிசீலனையில இருக்கு. மத்தியானத் தேடுதலுக்கும் ஒரு மனு போட்டிருக்கா, அதுவும் பரிசீலனையில இருக்கு. உள்ள இருக்குற ஆளைப் பாத்தவங்க இப்ப ஊர்ல நெறையப் பேரு: நெட்டைங்கறான் ஒருத்தன், இல்ல குட்டை, பச்சைச் சட்டைங்கறா ஒருத்தி, சிரிச்சான்னு சொல்றவங்களும் உண்டு. வீட்டுல அம்மா கூப்பிட்டா யானை மேல இருந்துக்கிட்டே, "தேடிக்கிட்டு இருக்கேம்மா!"ன்னு கத்துதுங்க பிள்ளைங்க.

போன வாரம் கமிஷனரு மாத்தலாகிப் போனாரு. போறதுக்கு முந்தி வந்து, பெஞ்சுல அரைமணி நேரம் சும்மா உக்காந்து, எந்திரிச்சு, கேட்டுக்கிட்ட நின்ன பேச்சிக்கனிகிட்ட மெதுவாக் கேட்டாரு.

"இவ்வளவு நாளாத் தேடறோமே, ஏம்மா கெடைக்கல?"

பேச்சிக்கனி பார்க்கை இந்த மூலையில இருந்து அந்த மூலைவரைக்கும் ஒருதடவ பாத்தா.

"ரெண்டு ஏக்கரு, சார்"னா. "லேசுப்பட்ட எடமா?"